கோலிக்குண்டும் நிலவின் பள்ளங்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் நிலவின் டைக்கோ பள்ளத்தின் படம் வெளியானது முதல் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு பொருளையே சுற்றிச் சுற்றி வந்ததால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். தொடங்குவதற்கு முன் ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. எரிமலையின் வாய்க்கும், விண்கல் மோதி உண்டான பள்ளத்திற்கும் ஆங்கிலத்தில் ‘கிரேட்டர்’ என்று ஒரே பெயர்தான் வழங்குகிறது. தமிழில் நமக்கு அந்தக் குழப்பம் வேண்டாம். முன்னதை எரிமலை வாய் என்றும், பின்னதை மோதற்பள்ளம் அல்லது வெறுமனே பள்ளம் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: பள்ளியில் நடந்த அறிவியல் கண்காட்சிக்காக என் மகள் தட்டில் மைதா மாவைப் பரப்பி, அதன்மேல் காவிப் பொடியைத் தூவி, கோலிக்குண்டுகளை எறிந்து காட்டினாள். நேராக விழுந்தவை வட்டமான குழியையும், சாய்வாக எறிந்தவை முட்டை வடிவக் குழியையும் உண்டாக்கின. விண்கற்கள் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் என்கிறார்கள். அப்படியானால் நிலவில் மட்டும் ஏன் எல்லாப் பள்ளங்களும் வட்டமாக இருக்கின்றன? — மதுரை வாசகி

நிலவின் பள்ளங்கள் விண்கல் மோதியதால் உண்டானவை என்ற கருத்தைப் பல அறிஞர்கள் நெடுங்காலம் ஏற்காமல் இருந்ததற்கு, உங்கள் மகளின் தட்டில் தெரிந்த இதே முரண்தான் முக்கியக் காரணம். வானிலிருந்து விழுந்த கற்களே காரணம் என்றால் கணிசமான பள்ளங்கள் நீள்வட்டமாக அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, அவர்கள் எரிமலையின் பக்கம் சாய்ந்தார்கள். 1890-களின் தொடக்கத்தில் மோதல் கருத்தை வலுவாக முன்வைத்த அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட்டையும் இந்த வட்டச் சிக்கல் விடவில்லை. கற்கள் செங்குத்தாக விழுந்திருக்க வேண்டும் என்பதற்காகவே, ஒரு காலத்தில் பூமியைச் சுற்றிச் சிறு கற்களால் ஆன வளையம் ஒன்று இருந்ததாக அவர் கருதிப் பார்க்க வேண்டியிருந்தது.

விடை வேகத்தில் இருக்கிறது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் கோலி, நொடிக்குச் சுமார் 4.4 மீட்டர் வேகத்தில் மாவைத் தொடுகிறது. அந்த வேகத்தில் அது மாவை ஒதுக்கித் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போகிறது. ஆகவே அது போன தடமே குழியின் வடிவமாகிவிடுகிறது. பூமியை வந்து மோதும் சிறுகோள் துண்டின் வேகமோ நொடிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். பாறைக்குள் ஒலி செல்லும் வேகம் ஏறக்குறைய 5 அல்லது 6 கிலோமீட்டர்தான் என்பதால், அடி விழுந்த செய்தி பக்கத்துப் பாறைக்குப் போய்ச் சேர்ந்து அது விலகி வழிவிடுவதற்கு அவகாசமே இல்லை. மோதிய கல்லும் அதன் கீழிருந்த பாறையும் ஒருசேர நசுங்கி, உருகி, ஒரு பகுதி ஆவியாகி, அங்கிருந்து அதிர்ச்சி அலை ஒன்று எல்லாத் திசைகளிலும் சமமாகக் கிளம்புகிறது. நொடிக்கு 20 கி.மீ. வேகத்தில் வரும் ஒரு கிலோ கல், ஏறத்தாழ 48 கிலோ டி.என்.டி. வெடிமருந்துக்கு ஈடான ஆற்றலைச் சுமந்து வருகிறது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். எனவே அங்கே நடப்பது குத்து அல்ல, வெடிப்பு. எந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து வைத்த வெடியானாலும் தோண்டுவது வட்டமான குழியைத்தான். பள்ளத்தின் அகலம் மோதிய கல்லைப் போலப் பத்து முதல் இருபது மடங்காக இருப்பதற்கும் இதுவே காரணம்.

தரையோடு தரையாக, சுமார் 15 பாகைக்கும் குறைவான கோணத்தில் வந்து உரசும் கற்கள் மட்டும் நீண்ட பள்ளங்களை உண்டாக்குகின்றன. அதைவிடச் சற்றுக் கூடுதலான கோணத்தில் வந்தவை வட்டப் பள்ளத்தையே தோண்டினாலும், வந்த திசையை வேறு வகையில் காட்டிக்கொடுத்துவிடும். நிலவில் புரோக்லஸ் என்ற சிறிய பள்ளத்தைச் சுற்றிச் சிதறிய வெண்ணிறக் கதிர்கள் தென்மேற்குப் பக்கம் மட்டும் இல்லாமல் இருப்பதைப் பாருங்கள். கல் அந்தப் பக்கத்திலிருந்து சாய்வாக வந்தது என்று அதிலிருந்து ஊகிக்கிறார்கள்.

உங்கள் மகள் தன் தட்டைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. மேலே காவியும் கீழே வெள்ளை மாவுமாக இருந்த தட்டில், குழியைச் சுற்றி வெள்ளைக் கதிர்கள் தெறித்திருக்குமே, அது உண்மையான பள்ளங்களில் நடப்பதைச் சரியாகவே காட்டுகிறது. அடியில் இருந்தது மேலே வந்து விழுகிறது. துளை போடாமலேயே நிலவின் உட்பாறையை ஆராய்வதற்கு அறிவியலாளர்கள் பள்ளங்களின் விளிம்பைத் தேடிச் செல்வதும் இதனால்தான்.

கேள்வி: டைக்கோவின் நடுவில் மலை எப்படி வந்தது? விழுந்த கல்லின் மிச்சமா? — நாகர்கோவில் வாசகர்

இல்லை. விழுந்த கல்லில் மிச்சம் என்று சொல்லும்படி பெரும்பாலும் எதுவும் தேறுவதில்லை. அந்த மலை நிலவின் சொந்தப் பாறை. பள்ளம் சிறியதாக இருந்தால் கிண்ணம் போன்ற வடிவோடு நின்றுவிடும். அதன் ஆழம் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். ஒரு வரம்பைத் தாண்டிப் பெரிதாகிவிட்டால், தோண்டப்பட்ட குழி தன் வடிவத்தைத் தாங்க முடியாமல், சுவர்கள் படிப்படியாகச் சரிய, அழுத்தப்பட்டிருந்த அடிப்பாறை எம்பி எழுந்து நடுவில் குன்றாகிறது. ஈர்ப்பு குறைவான நிலவில் அந்த வரம்பு 15 முதல் 20 கி.மீ.; ஈர்ப்பு மிகுந்த பூமியிலோ 2 முதல் 4 கி.மீ. அகலத்திலேயே அது வந்துவிடுகிறது. டைக்கோவின் அகலம் சுமார் 85 கி.மீ., நடுமலையின் உயரம் சுமார் 2 கி.மீ. அதன் உச்சியில் நூறு மீட்டருக்கும் மேல் அகலமான ஒற்றைப் பாறாங்கல் ஒன்று உட்கார்ந்திருப்பதை 2011-ல் அமெரிக்காவின் நிலவுச் சுற்றுக்கலம் படமெடுத்தது.

கேள்வி: நீங்கள் வெளியிட்ட படத்தில் எனக்குப் பள்ளங்கள் மேடாகத் தெரிந்தன, என் தம்பிக்குப் பள்ளமாகவே தெரிந்தன. வெறும் படத்தை வைத்து ஆழத்தை எப்படி அளக்கிறார்கள்? — ஈரோடு வாசகர்

இதழைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், உங்களுக்கும் பள்ளமாகிவிடும். ஒளி மேலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் கண்ணுக்கு உண்டு. படத்தில் சூரியன் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒளிர்ந்தால், குழியின் எந்தச் சுவர் நிழலில் இருக்கிறது என்பதைக் கண் மாற்றிப் புரிந்துகொண்டு, குழியைக் குன்றாக்கிவிடுகிறது. இதனால்தான் ஆய்வாளர்கள் பள்ளங்களைக் குறிக்க உட்காரும் முன், படத்தில் சூரியன் எந்தப் பக்கம், எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறது என்பதை முதலில் பார்க்கிறார்கள்.

அந்தச் சூரியனே அளவுகோலும் ஆகிறது. பள்ளத்தின் விளிம்பு உள்ளே விழவைக்கும் நிழலின் நீளம் 5 கி.மீ. என்றும், அந்த இடத்தில் சூரியன் தொடுவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 10 பாகையின் டேன்ஜென்ட் 0.176, அதை 5-ஆல் பெருக்கினால் 0.88. அதாவது நிழலின் நுனி விழுந்த இடத்திலிருந்து விளிம்பு 880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும். விண்கலங்கள் வருவதற்கு முன்பு, தொலைநோக்கியைத் தவிர வேறு கருவி இல்லாத காலத்தில், நிலவின் மலை உயரங்களை அளந்தது இந்த வழியில்தான்.

இன்று அதே வேலையை இன்னும் துல்லியமாகச் செய்ய இரண்டு வழிகள் உள்ளன. ஒரே இடத்தை இரண்டு கோணங்களிலிருந்து படமெடுத்து, நம் இரு கண்களும் செய்வதைப் போல ஆழத்தைக் கணக்கிடுவது ஒன்று. சந்திரயான்-1, சந்திரயான்-2 ஆகியவற்றின் நிலவரைபடக் கேமராக்கள் 5 மீட்டர் நுணுக்கத்தில் இப்படித்தான் வேலை செய்தன. மற்றொன்று லேசர். 2009-ல் ஏவப்பட்ட அமெரிக்கச் சுற்றுக்கலத்திலுள்ள லேசர் உயரமானி, நொடிக்கு 28 முறை ஐந்து கதிர்களைத் தரையில் அடித்து, அவை திரும்பி வர எடுக்கும் நேரத்தைக் கொண்டு உயரத்தைக் கணிக்கிறது. இப்படி 600 கோடிக்கும் மேற்பட்ட அளவீடுகள் சேர்ந்திருக்கின்றன.

லேசருக்கு வெளிச்சம் தேவையில்லை என்பதில் ஒரு கூடுதல் நன்மை உண்டு. நிலவின் துருவங்களில் சில பள்ளங்களின் அடித்தளத்தில் சூரிய ஒளி பட்டதே இல்லை. அவற்றின் வடிவத்தை லேசரும் ரேடாரும் காட்டிக்கொடுக்கின்றன. வெள்ளிக் கோளின் கதையும் இதுபோன்றதே. அதன் அடர்ந்த மேகத்தை ஊடுருவ எந்த ஒளிக் கேமராவாலும் முடியாததால், 1990 முதல் 1994 வரை மெகல்லன் கலம் ரேடாரைக் கொண்டே அதன் மேற்பரப்பைப் படமாக்கியது.

கேள்வி: நிலவில் மொத்தம் எத்தனை பள்ளங்கள்? உண்மையிலேயே யாராவது உட்கார்ந்து எண்ணுகிறார்களா? — தஞ்சாவூர் ஆசிரியர்

உண்மையிலேயே எண்ணுகிறார்கள் ஐயா, அதுவும் கையால். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் ராபின்ஸ் 2018-ல் வெளியிட்ட நிலவுப் பட்டியலில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளங்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 13 லட்சம், 1 கி.மீ. அல்லது அதற்கு மேல் அகலமானவை. அதற்கு முன் 2012-ல் அவரும் பிரையன் ஹைனெக்கும் சேர்ந்து செவ்வாய்க்குத் தயாரித்த பட்டியலில், 1 கி.மீ.க்குக் குறையாத பள்ளங்கள் 3,84,343. ஒரு கிலோமீட்டர் என்று எல்லை வகுக்காவிட்டால் இந்த எண்ணிக்கைக்கு முடிவே கிடையாது. நிலவுக்குக் காற்றுப் போர்வை இல்லாததால், மணல் துகள் அளவு கல்லும் தன் பங்குக்கு ஒரு குழியைத் தோண்டாமல் விடுவதில்லை.

எண்ணும் முறை எளியது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. திரையில் படத்தை விரித்து, பள்ளத்தின் விளிம்பில் பல புள்ளிகளை வைக்கிறார்கள். அந்தப் புள்ளிகளோடு மிக நெருங்கிப் பொருந்தும் வட்டத்தையோ நீள்வட்டத்தையோ கணினி வரைந்து, மையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, விட்டம் ஆகியவற்றைப் பதிகிறது. விளிம்பு கூர்மையாக இருந்தால் சிக்கலில்லை. தேய்ந்து, பாதி மண் மூடி, மேலே இன்னும் நான்கு பள்ளங்கள் விழுந்து சிதைந்த ஒன்றை வட்டமாகக் கணக்கில் எடுப்பதா விடுவதா என்பதில்தான் அனுபவசாலிகளே ஒருவரோடொருவர் மாறுபடுகிறார்கள். ஒரே படத்தைப் பல நிபுணர்களிடம் கொடுத்து எண்ணச் சொன்னபோது, அவர்களின் எண்ணிக்கைகள் கணிசமாக வேறுபட்டன. படங்களைக் கற்றுத் தாமாகப் பள்ளங்களைக் கண்டுபிடிக்கும் கணினி நிரல்கள் இப்போது பெருகிவிட்டன. அவற்றுக்குக் கற்பிக்கத் தருவதும் மனிதர் குறித்த பட்டியல்களையே என்பதால், நம் தயக்கங்களும் அவற்றோடு சேர்ந்தே போகின்றன என்பது என் எண்ணம்.

பட்டியல் என்பது ஆய்வுக்கு மட்டுமல்ல, வண்டி ஓட்டவும் வேண்டும். சந்திரயான்-3 இறங்கிய நான்காம் நாள், 2023 ஆகஸ்ட் 27 அன்று, பிரக்யான் ஊர்திக்கு 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் அகலமான பள்ளம் ஒன்று எதிர்ப்பட்டது. வந்த வழியே திரும்பச் சொல்லி அதற்குக் கட்டளை அனுப்பினார்கள்.

கேள்வி: ஒரு கோளின் தரைக்கு இத்தனை கோடி ஆண்டு வயது என்று அங்கே போகாமலேயே சொல்கிறார்களே, அது ஊகமா கணக்கா? — யாழ்ப்பாணம் வாசகர்

கணக்குத்தான், ஆனால் அந்தக் கணக்குக்கு ஓர் அடிமானம் தேவைப்பட்டது, அதற்காக ஒருமுறையாவது போக வேண்டியிருந்தது.

மொட்டை மாடியில் பாய் விரித்து வடகம் காயவைத்திருக்கிறீர்கள், மழை தூறத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரம் கழித்து ஓடிப்போய்ப் பாயைச் சுருட்டுகிறீர்கள். பாய் கிடந்த இடத்தில் அதன்பின் விழும் துளிகள் மட்டுமே பதியும். சுற்றிலும் உள்ள தரையில் முதலிலிருந்தே விழுந்த துளிகள் எல்லாம் இருக்கும். இரண்டு இடங்களிலும் சதுர அடிக்கு எத்தனை துளி என்று எண்ணினால் எது நெடுநேரம் நனைந்தது என்று சொல்லிவிடலாம். நிலவில் பாயின் வேலையைச் செய்தது எரிமலைக் குழம்பு. நம் கண்ணுக்குக் கருமையாகத் தெரியும் சமவெளிகள், பழைய பள்ளங்களைக் குழம்பு மூடிப் புதிதாக்கிய தரை. அங்கே பள்ளங்கள் குறைவு. வெளிறித் தெரியும் மேட்டுநிலங்களில் பள்ளத்தின் மேல் பள்ளம். ஆக, எது மூத்தது எது இளையது என்பதை எண்ணிக்கையே காட்டிவிடுகிறது.

எத்தனை ஆண்டு என்று சொல்வதற்கு, தூறலின் வேகம் தெரிய வேண்டும். அப்பல்லோ பயணங்கள் 1969 முதல் 1972 வரை கொண்டுவந்த 382 கிலோ கற்களும், சோவியத் லூனா கலங்கள் கொண்டுவந்த மண்ணும் அதற்கு உதவின. கதிரியக்கத் தனிமங்களின் சிதைவைக் கொண்டு அந்தக் கற்களின் வயதை ஆய்வகத்தில் கண்டுபிடித்து, அவை எடுக்கப்பட்ட அதே தரையில் பள்ளங்களை எண்ணி, இரண்டையும் வரைபடத்தில் ஒரே கோட்டில் கொண்டுவந்தார்கள். வில்லியம் ஹார்ட்மன், ஜெர்மனியின் கெர்ஹார்ட் நாய்கும் ஆகியோர் இதில் முன்னின்றவர்கள். அந்த வளைகோடு சொன்ன முக்கியச் செய்தி, தூறல் சீராக இருக்கவில்லை என்பது. சுமார் 380 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை கொட்டித் தீர்த்த கல்மழை, பிறகு மிகவும் குறைந்துவிட்டது.

ஆனால் அந்தக் கோட்டில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. கிடைத்த கற்கள் பெரும்பாலும் 300 கோடி ஆண்டுகளுக்கும் பழையவை, அல்லது 100 கோடிக்கும் இளையவை. கோபர்னிகஸ் பள்ளத்தின் சிதறல் என்று கருதப்படும் அப்பல்லோ 12 மாதிரிகளிலிருந்து அதற்குச் சுமார் 80 கோடி ஆண்டு என்றும், டைக்கோவிலிருந்து 2,000 கி.மீ.க்கும் அப்பால் அதன் சிதறல் தூண்டியதாகக் கருதப்படும் மலைச்சரிவில் அப்பல்லோ 17 எடுத்த மாதிரிகளிலிருந்து டைக்கோவுக்குச் சுமார் 10.8 கோடி ஆண்டு என்றும் கணித்திருந்தார்கள். நடுவிலிருந்த 200 கோடி ஆண்டு இடைவெளியை வெறும் கோடு போட்டே நிரப்ப வேண்டியிருந்தது. சீனாவின் சாங்இ-5 கலம் 2020 டிசம்பரில் 1,731 கிராம் மாதிரிகளோடு திரும்பியபோது அந்த நிலை மாறியது. பள்ளங்களின் எண்ணிக்கை குறைவாக இருந்த இளம் சமவெளி ஒன்றை இதற்காகவே தேர்ந்தெடுத்திருந்தார்கள்; கற்களின் வயது சுமார் 200 கோடி ஆண்டு என்று வந்தது, வரைந்து வைத்திருந்த கோட்டோடு அது நன்றாகவே ஒத்துப்போனது. ஐம்பது ஆண்டுகளாக நம்பிக்கையின் பேரில் நின்ற ஒரு கோட்டுக்கு ஒரு பிடி மண் ஊன்றுகோலானதை, இத்துறையின் மிக இனிய நிகழ்வுகளுள் ஒன்றாகக் கருதுகிறேன்.

இந்த முறைக்கு வரம்புகளும் உண்டு. தரை முழுவதும் நனைந்த பின் துளிகளை எண்ண முடியாததுபோல, மிகப் பழைய மேட்டுநிலங்களில் புதிய பள்ளம் ஒன்று விழும்போது பழையது ஒன்று அழிவதால் எண்ணிக்கை ஏறுவதே இல்லை. இன்னொரு தொல்லை, ஒரு மோதலில் தெறித்த கற்கள் திரும்ப விழுந்து உண்டாக்கும் குட்டிப் பள்ளங்கள். செவ்வாயில் சூனில் என்ற 10 கி.மீ. அகலப் பள்ளம் ஒன்றே ஏறத்தாழ 1 கோடி குட்டிகளை ஈன்றிருக்கும் என்று 2005-ல் கணித்தார்கள். அவற்றைத் தனித்தனி விண்கற்கள் என்று எண்ணிவிட்டால், ஒரே நாளில் நடந்ததைப் பல லட்சம் ஆண்டுகளின் வேலையாகக் கணக்கு காட்டிவிடும். சங்கிலி போலக் கோத்தும், கொத்துக் கொத்தாகவும் இருப்பவற்றை ஆய்வாளர்கள் ஒதுக்கிவிடுவது இதனால்தான். செவ்வாயைப் பொறுத்தவரை, எடுத்த இடம் தெரிந்த கல் ஒன்றுகூடப் பூமிக்கு வராத நிலையில், நிலவின் கோட்டையே தக்கபடி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள்.

கேள்வி: பூமியில் உள்ள பள்ளம் விண்கல்லால் ஆனது என்று எப்படி உறுதி செய்கிறார்கள்? தமிழ்நாட்டில் ஏதாவது உண்டா? — திருநெல்வேலி கல்லூரி மாணவர்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: உறுதி செய்யப்பட்டது எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. வட்டமான ஏரியையோ குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கையோ செயற்கைக்கோள் படத்தில் பார்த்துவிட்டு விண்கல் பள்ளம் என்று எழுதிவிடுகிறார்கள். வட்டம் ஒரு சான்றே அல்ல.

இதைக் கற்றுக்கொள்ள அறிவியலாளர்களுக்கே எழுபது ஆண்டுகள் பிடித்தன. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் சுமார் 1.2 கி.மீ. அகலமும் 170 மீட்டர் ஆழமும் கொண்ட பள்ளம் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி இரும்பு விண்கற்கள் இறைந்து கிடந்தன. நாம் முன்பு பார்த்த கில்பர்ட் 1891-ல் அங்கே போனார். பெரிய இரும்புக் கல் அடியில் புதைந்திருந்தால் காந்த ஊசி அசைய வேண்டும், வெளியே குவிந்த மண்ணின் அளவும் குழியின் கொள்ளளவைவிட மிகுந்திருக்க வேண்டும் என்று எண்ணி அளந்தார். இரண்டும் இல்லை என்றதும், நிலத்தடி நீராவி வெடித்து உண்டான பள்ளம் என்று முடிவு கட்டினார். நிலவின் பள்ளங்களைச் சரியாகக் கணித்த மனிதர், காலடியில் இருந்ததைத் தவறவிட்டார். பின்னர் 1903 முதல் டேனியல் பாரிங்கர் என்ற சுரங்கப் பொறியாளர், விண்கல்தான் என்று சரியாகச் சொல்லி, புதைந்திருக்கும் இரும்பைத் தோண்டி விற்றுவிடலாம் என்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பணத்தைக் கொட்டினார். கல்லின் பெரும்பகுதி சிதறியும் ஆவியாகியும் போயிருக்கும் என்று கணித அறிஞர் மோல்டன் 1929-ல் கணக்கிட்டுக் காட்டினார். அதே ஆண்டு பாரிங்கர் இறந்துபோனார்.

முடிச்சை அவிழ்த்தது இரும்பு அல்ல, மணற்கல். மணலில் உள்ள சிலிக்கா மிகக் கடும் அழுத்தத்தில் கோயசைட் என்ற வேறொரு கனிமமாக மாறும் என்பது 1953-ல் ஆய்வகத்தில் தெரிய வந்தது. 1960-ல் எட்வர்ட் சாவ், யூஜின் ஷூமேக்கர் ஆகியோர் அரிசோனாப் பள்ளத்தின் பாறையில் அதைக் கண்டெடுத்தார்கள். எரிமலையால் மேற்பரப்பில் அவ்வளவு அழுத்தத்தை உண்டாக்க முடியாது. அடுத்து, ஜெர்மனியில் நார்ட்லிங்கன் என்ற ஊர் அமைந்திருக்கும் 24 கி.மீ. அகலப் படுகையிலும் கோயசைட் கிடைத்தது. அவ்வூர்த் தேவாலயமே மோதலில் உருகி இறுகிய கல்லால் கட்டப்பட்டது என்பது பிறகுதான் புரிந்தது. இன்று ஒரு பள்ளத்தை ஒப்புக்கொள்ள இத்தகைய சான்று கட்டாயம் வேண்டும்: அழுத்தத்தால் உள்ளே இணைகோடுகள் விழுந்த குவார்ட்ஸ் மணிகள், கூம்பு வடிவில் விசிறியாகக் கீறல் விட்ட பாறைகள், உயரழுத்தக் கனிமங்கள், அல்லது விண்கல்லின் வேதியியல் சுவடு.

இந்தியாவில் இந்தத் தேர்வில் தேறியவற்றுள் புகழ்பெற்றது மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்திலுள்ள லோனார் ஏரி. அகலம் சுமார் 1.8 கி.மீ. சுற்றிலும் இருப்பது தக்காணத்தின் எரிமலைப் பாறையே என்பதால், அதையும் எரிமலை வாய் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். மேலும், அந்தக் கரும்பாறையில் குவார்ட்ஸ் அரிது. அரிசோனாச் சான்று இங்கே உதவாது. ஏரியின் அடியில் துளையிட்டு எடுத்த துண்டுகளில், பாறையின் ஃபெல்ட்ஸ்பார் கனிமம் உருகாமலேயே அதிர்ச்சியால் கண்ணாடியாக மாறியிருந்ததை 1973-ல் அமெரிக்க, இந்திய ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். மாஸ்கெலினைட் எனப்படும் அந்தக் கண்ணாடி, செவ்வாயிலிருந்து வந்த விண்கற்களிலும் இருக்கிறது. லோனாரின் வயதில்தான் வழக்கு இழுத்தடித்தது: வெப்ப ஒளிர்வு முறை சுமார் 52,000 ஆண்டு என்றது; 2011-ல் வெளியான ஆர்கான் முறை சுமார் 5,70,000 என்றது. பதினொரு மடங்கு வேறுபாடு. ஒரு பள்ளத்தின் கரையில் நின்று கல்லைக் கையில் வைத்திருந்தும் இவ்வளவு தடுமாற்றம் என்றால், தொலைவிலிருந்து எண்ணுவோரின் பிழை வரம்புகளை நாம் மன்னிக்கலாம்.

மத்தியப் பிரதேசத்தின் தாலா, ராஜஸ்தானின் ராம்கர் ஆகியவையும் மோதற்பள்ளங்களே. உலகம் முழுவதும் உறுதியானவை 200-ஐ ஒட்டித்தான் வருகின்றன. பூமி தப்பித்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. மழையும் ஆறும் நகரும் நிலத்தட்டுகளும் தழும்புகளை அழித்துவிட்டன.

கேள்வி: இப்போதும் புதிய பள்ளங்கள் உண்டாகின்றனவா? — கோயம்புத்தூர் வாசகி

உண்டாகின்றன, அவற்றைக் கண்ணால் பார்த்தும் இருக்கிறார்கள். 2013 மார்ச் 17 அன்று நிலவின் இருண்ட பகுதியில் ஓர் ஒளிக்கீற்று மின்னியதைப் பூமியிலிருந்த தொலைநோக்கி பதிவு செய்தது. சுற்றுக்கலம் அந்த இடத்தைப் படமெடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டபோது, முன்பு இல்லாத 18 மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று புதிதாக இருந்தது. இப்படி முன்படம் பின்படம் ஒப்பிட்டு, 2016-க்குள் 222 புதிய பள்ளங்களை நிலவில் கண்டுபிடித்தார்கள்.

செவ்வாயில் நடந்தது இன்னும் சுவையானது. 2021 டிசம்பர் 24 அன்று, அங்கே தரையிறங்கியிருந்த இன்சைட் கலத்தின் நில அதிர்வுமானியில் 4 என்ற அளவுள்ள அதிர்வு ஒன்று பதிவானது. சுற்றுக்கலப் படங்களில் புதிதாக ஒரு பெரிய கறை தென்பட, நாள் தவறாமல் வானிலையைப் படமெடுக்கும் கேமராவின் பதிவுகளைப் புரட்டி, கறை தோன்றிய நாளும் அதிர்வின் நாளும் ஒன்றே என்று கண்டார்கள். கலத்திலிருந்து சுமார் 3,500 கி.மீ. தொலைவில், 150 மீட்டர் அகலமான பள்ளம். அதைச் சுற்றி வெள்ளை வெளேரென்று பனிக்கட்டிப் பாறைகள் சிதறிக் கிடந்தன. மதுரைத் தட்டில் வெள்ளை மாவு மேலே வந்ததே, அதேதான். செவ்வாயின் நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு அருகில் மண்ணுக்கடியில் பனி இருப்பது அதனால் தெரிந்தது.

கேள்வி: பள்ளங்களுக்கு நம்மவர் பெயர்கள் உண்டா? — திருவையாறு வாசகர்

உங்கள் ஊர்க்காரர் ஒருவரின் பெயரே உண்டு. புதன் கோளின் பள்ளங்களுக்கு மறைந்த கலைஞர்கள், எழுத்தாளர்கள், இசைவாணர்களின் பெயர்களைச் சூட்டுவது பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் வழக்கம். அங்கே 97 கி.மீ. அகலப் பள்ளம் ஒன்றுக்குத் தியாகராஜர் பெயர் இருக்கிறது. மெசஞ்சர் கலம் அதை நெருங்கிப் படமெடுத்தபோது, அடித்தளம் முழுவதும் பளிச்சென்ற சிறு குழிவுகள் தெரிந்தன. ஆவியாகக்கூடிய ஏதோ ஒரு பொருள் பாறையிலிருந்து வெளியேறி உண்டானவை என்று கருதப்படும் அந்தக் குழிவுகளைப் பற்றிய ஆய்வுகளில் தியாகராஜர் பெயர் அடிக்கடி வரும். நிலவில் சி.வி. ராமன் பெயரிலும், வெள்ளியில் ஆனந்திபாய் ஜோஷி பெயரிலும் பள்ளங்கள் உள்ளன. செவ்வாயின் சிறு பள்ளங்களுக்குச் சிற்றூர்களின் பெயர். அங்கேயும் ஒரு லோனார் உண்டு.

கேள்வி: வீட்டில் சிறிய தொலைநோக்கி இருக்கிறது. எந்த நாளில் எதைப் பார்ப்பது? — சேலம் மாணவி

பௌர்ணமியன்று பார்க்காதீர்கள், சூரியன் நேராக அடிப்பதால் நிழலே இருக்காது, பள்ளங்கள் தட்டையாகத் தெரியும். வளர்பிறைச் சஷ்டி, சப்தமி நாட்களில், வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டி, நிலவின் நடுப்பகுதிக்குச் சற்றுத் தெற்கே தேடுங்கள். தியோஃபிலஸ், சிரில்லஸ் என்ற இரண்டு பெரிய பள்ளங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். தியோஃபிலஸ் சுமார் 100 கி.மீ. அகலமானது; அதன் விளிம்பு முழு வட்டமாக இருக்கும், சிரில்லஸின் விளிம்போ அது தொடும் இடத்தில் உடைந்திருக்கும். எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். நவமி, தசமியில் டைக்கோ வெளிச்சத்துக்கு வரும். அதன் நடுமலை அப்போதுதான் நன்றாகத் தெரியும். அதன் வெண்கதிர்களுக்கு மட்டும் பௌர்ணமி வரை காத்திருங்கள்.